பெட்டிக்குள் இருந்த பாம்புக்குட்டி

கற்பிட்டிக் குடாநாட்டில் வீட்டுத் தரிசிப்புக்குப் போகும்போது நான் அதிகம் கேட்கும் முறைப்பாடு கடனைப் பற்றியதல்ல, காணி உறுதியைப் பற்றியதுமல்ல. "புள்ள ஒழுங்காத் தின்னுதில்ல மகள்" என்பதுதான் அது. நுரைச்சோலையிலும் ஆலங்குடாவிலும் கண்டக்குழியிலும் வாசலில் பாயை விரித்து என்னை இருத்திவிட்டு, உம்மம்மாமாரும் அம்மம்மாமாரும் முதலில் சொல்வது இதைத்தான். தாய் குவைத்துக்கோ சவூதிக்கோ வேலைக்குப் போயிருப்பாள். பிள்ளை பாட்டியிடம் வந்து சில மாதங்கள்தான் ஆகியிருக்கும். சோறும் இருக்கும், கறியும் இருக்கும், பிள்ளை மட்டும் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போகும்.

நான் சமூகவியல் படித்தவள். இடம்பெயர்வைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் எத்தனையோ அட்டவணைகளைப் பார்த்திருக்கிறேன். எத்தனை குடும்பங்கள், எத்தனை முகாம்கள், ஆளுக்கு எத்தனை கிலோ உலருணவு என்ற கணக்கெல்லாம் அவற்றில் இருந்தன. புதிய இடத்துக்கு வந்த ஓர் உயிர் ஏன் உண்ண மறுக்கிறது என்பதை எனக்குத் தெளிவாகக் காட்டியது இரண்டடி நீளமும் இல்லாத ஒரு பாம்புக்குட்டி. பாம்பு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள் சகோதரிகளே. நம் வளவுகளில் பாம்பு வராத வீடு எது?

ரெஜிபோம் பெட்டி

நான் சொல்லும் வீட்டில் இரண்டே பேர். அறுபது வயதைத் தாண்டிய ஓர் உம்மம்மா, பதினொரு வயதுப் பேரன். உம்மம்மா மன்னாரிலிருந்து 1990 ஒக்டோபரில் வந்தவர். அந்த மாதத்தில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர் வீடுவாசலை விட்டு வந்தார்கள். மன்னார்த் தீவிலிருந்து வந்த பலர் வள்ளங்களில் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். உம்மம்மாவும் அப்படித்தான் மூன்று பிள்ளைகளோடு இறங்கினார். இப்போது கடைசி மகள் குவைத்தில். அவளுடைய மகன்தான் இந்தப் பையன். நான்கு மாதங்களுக்கு முன் கொழும்பிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவன்.

பள்ளிக்கூடத்தில் அவன் யாரோடும் பேசுவதில்லை என்று ஆசிரியை சொல்லித்தான் நான் அந்த வீட்டுக்குப் போகத் தொடங்கினேன். முதல் மூன்று முறையும் அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. நான்காவது முறை அவனாகவே என்னிடம் வந்தான். "மிஸ், பாம்பு என்ன தின்னும்?" என்று கேட்டான்.

வீட்டுக்குப் பின்னால் மீன் கொண்டுபோகும் பழைய ரெஜிபோம் பெட்டி ஒன்று இருந்தது. மூடியில் ஆணியால் துளைகள் போட்டிருந்தான். தென்னந்தோட்டத்தில் பொச்சுக் குவியலை அகற்றும்போது கிடைத்த குட்டியாம். தடியால் கிளப்பிப் பெட்டிக்குள் விட்டிருக்கிறான். பன்னிரண்டு நாட்களாக அது எதையும் தொடவில்லை. அவன் வைத்த உணவுகளை வரிசையாகச் சொன்னான்: மா கரைத்த பால், அவித்த முட்டை, சோறு, இரண்டு கீரிமீன், ஒரு தவளை. தவளை பெட்டிக்குள்ளேயே துள்ளித் திரிந்துவிட்டுச் செத்துப்போனது. "செத்துப்போகுமா மிஸ்?" என்று கேட்டபோது அவனுடைய குரல் உடைந்தது. அவன் கேட்டது தவளையைப் பற்றியல்ல.

உம்மம்மாவுக்கு விஷயம் ஒரு வாரமாகத் தெரியும். அயலவர்கள் அடித்துப் போடச் சொல்லியிருக்கிறார்கள். அவரும் உலக்கையைக் கையில் எடுத்திருக்கிறார். "பெட்டிக்குப் பக்கத்தில குந்தியிருந்து அதோட கதைச்சிட்டிருந்தான் மகள். நாலு மாசமா எங்களோட கதைக்காத புள்ள. எனக்குக் கை ஓடல்ல" என்றார்.

அந்தக் குட்டியை அடித்தால் பையன் மறுபடியும் வாயை மூடிக்கொள்வான். அடிக்காமல் விட்டால் அது என்ன பாம்பென்றே தெரியாமல் ஒரு பிள்ளை நாளுக்கு இருபது தடவை மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பான். இந்த இரண்டில் எதையும் ஏற்க முடியாது.

முதல் கேள்வி: அது என்ன பாம்பு?

உடம்பெல்லாம் மண்ணிறத்தில் பெரிய திட்டுகள். பையன் அதை வெங்கணாந்தி என்றான். மலைப்பாம்பைத்தான் நம் பக்கத்தில் வெங்கணாந்தி என்கிறோம். அதற்கு நஞ்சு இல்லை. ஆனால் நஞ்சு மிகுந்த கண்ணாடி விரியனின் உடம்பிலும் மண்ணிறத் திட்டுகள் உண்டு. முத்திரைப் புடையன் என்று சிலர் சொல்வதும், சிங்களத்தில் தித் பொலங்கா என்பதும் இதைத்தான். வெங்கணாந்திக் குட்டி என்று நினைத்துக் கண்ணாடி விரியனைக் கையில் எடுத்துக் கடிபட்டவர்கள் இலங்கையிலும் இந்தியாவிலும் இருக்கிறார்கள்.

வேறுபாடு உண்டு. கண்ணாடி விரியனின் திட்டுகள் முட்டை வடிவானவை, கறுப்பு வரம்பிட்டவை, சங்கிலி கோத்ததுபோல் மூன்று வரிசையாக ஒழுங்காக ஓடும். வெங்கணாந்தியின் திட்டுகள் பெரியவை, ஒன்றுபோல் ஒன்று இராது. விரியன் நெருங்கினால் குக்கர் விசில்போலச் சீறும். அது முட்டையிடாமல் குட்டிகளாகவே ஈனும், பிறந்த அன்றே குட்டிக்கு நஞ்சு இருக்கும். இவ்வளவும் தெரிந்திருந்தாலும் பயத்தோடு ஒரு நொடி பார்க்கும் கண் பிழைவிடும். நம் கரையோர மணலிலும் வரண்ட பற்றைகளிலும் சுருட்டை விரியனும் இருக்கிறது. ஆகவே பாம்பைப் பார்த்துப் பெயர் சொல்லும் வேலையைத் தெரிந்தவர்களிடமே விடவேண்டும்.

நான் மூடியைத் தடியால் சற்றே விலக்கி, தள்ளி நின்று தொலைபேசியில் படம் எடுத்தேன். வனசீவராசிகள் திணைக்களத்தின் அவசர இலக்கம் 1992. அதற்கு அழைத்து விபரம் சொல்லி, அவர்கள் தந்த இலக்கத்துக்குப் படத்தை அனுப்பினேன். சற்று நேரத்தில் ஓர் உத்தியோகத்தர் அழைத்தார். குட்டி வெங்கணாந்திதான், ஆனாலும் யாரும் தொடவேண்டாம், வேறு அழைப்புகள் இருப்பதால் வந்து எடுக்க இரண்டு நாட்களாகும் என்றார். வெங்கணாந்தி இலங்கையில் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட உயிர். 1937ஆம் ஆண்டிலிருந்தே நம் நாட்டில் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதன்படி இதைப் பிடித்து வீட்டில் வளர்க்க முடியாது. இதைப் பையனிடம் மறைக்காமல் அன்றைக்கே சொன்னேன். அவன் அழவில்லை. "அதுவரைக்கும் பட்டினியா கிடக்கிற?" என்று மட்டும் கேட்டான்.

உத்தியோகத்தரிடம் அதையே நான் கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். அதன் பிறகு நானும் தேடி வாசித்தேன். அவற்றைச் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஏன் உண்ணவில்லை?

பாம்புக்குப் பால் உணவல்ல. புற்றுக்குப் பால் வார்க்கும் வழக்கம் நம்மிடையே உண்டு, அது நம்பிக்கை. பால் குடித்துச் செரிக்கும் வயிறு பாம்புக்கு இல்லை. பல நாள் தண்ணீர் கிடைக்காத பாம்பு தாகத்தில் பாலைக் குடிக்கலாம், ஆனால் அது அதற்குக் கெடுதிதான். சோறும் அவித்த முட்டையும் அப்படித்தான். வெங்கணாந்திக் குட்டியின் உணவு எலிக்குஞ்சு, பல்லி, ஓணான், சிறு பறவை போன்றவை. அவற்றையும் அது பெரும்பாலும் இரவில்தான் பிடிக்கும். அதன் உதட்டோரத்தில் சின்னச் சின்னக் குழிகள் உண்டு. இருட்டிலும் இரையின் உடற்சூட்டை அவற்றால் அறிந்துகொள்கிறது. ஆறிப்போன கீரிமீன் அதன் கணக்கில் உணவே அல்ல.

சரியான இரையை வைத்திருந்தாலும் அந்தப் பெட்டிக்குள் அது உண்டிருக்காது. அதற்குக் காரணங்கள் இருந்தன.

முதலாவது பயம். குட்டிப் பாம்புக்கு எதிரிகள் அதிகம். கீரி, உடும்பு, பருந்து, மயில், பூனை எல்லாமே அதைத் தின்னும். ஒளிந்துகொள்ள இடம் இருந்தால்தான் அது நிம்மதியாக இருக்கும். வெறும் பெட்டியில் நான்கு பக்கமும் வெள்ளைச் சுவர், மேலே அடிக்கடி திறக்கும் மூடி, எட்டிப் பார்க்கும் முகங்கள். இரையை விழுங்கிய பாம்பால் வேகமாக ஓட முடியாது. எனவே ஆபத்து என்று தோன்றும் இடத்தில் அது வயிற்றை நிரப்பிக்கொள்ளாது. உண்ணாமல் இருப்பதே அதன் பாதுகாப்பு.

இரண்டாவது சூடு. நம்முடைய உடம்பு தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. பாம்பு அதை வெளியிலிருந்து பெறவேண்டும். அது மாரி தொடங்கிய நேரம். பெட்டி சீமெந்துத் தரையில், கிணற்றடிக்குப் பக்கத்தில் இருந்தது. குளிர்ந்த உடம்பில் உணவு செரிக்காது. விழுங்கினாலும் வயிற்றுக்குள் அழுகும், கக்கிவிடும்.

மூன்றாவது அதிர்வு. பாம்புக்கு வெளிக்காது இல்லை. தரையில் வரும் அதிர்வைத் தாடை எலும்பு வழியாக உணர்கிறது. கிணற்று மோட்டர் ஓடும்போதெல்லாம் அதன் உடம்பில் அது இடித்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. முட்டையிலிருந்து வெளிவந்த பாம்புக்குட்டி உடனே உண்பதில்லை. முட்டைக் கருவின் மிச்சம் வயிற்றில் இருக்கும். முதல் சட்டை கழற்றிய பிறகுதான் பெரும்பாலும் இரை தேடும். வளர்ந்த பாம்பும் சட்டை கழற்றும் நாட்களில் உண்ணாது. அந்த நாட்களில் கண் பால் படிந்ததுபோல் மங்கிவிடும்.

பன்னிரண்டு நாட்கள் என்பது நமக்குப் பெரிய பட்டினி, பாம்புக்கு அல்ல. அதே எடையுள்ள பூனையோ முயலோ சும்மா இருக்கும்போது செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்குதான் பாம்புக்குத் தேவை. மலைப்பாம்பு நீண்ட நாள் உண்ணாதிருந்தால் அதன் குடல் தானாகவே சுருங்கிக்கொள்கிறது. இரை கிடைத்ததும் ஓரிரு நாட்களில் மறுபடி விரிந்து வேலைசெய்கிறது. பட்டினியைத் தாங்கும்படி அமைந்த உடம்பு அது. தண்ணீர் இல்லாவிட்டால்தான் ஆபத்து.

அந்த இரண்டு நாட்களுக்கும் செய்யச் சொன்னவை மிக எளியவை. உணவு ஒன்றும் வைக்கவேண்டாம். பழையதை நீண்ட குறட்டால் எடுத்துவிட்டு, கவிழாத சிறு கிண்ணத்தில் தண்ணீர் மட்டும் வைக்கவேண்டும். உள்ளே ஒரு காய்ந்த பாளைத் துண்டைக் கவிழ்த்து ஒளிவிடம் கொடுக்கவேண்டும். பெட்டியைத் தரையிலிருந்து உயர்த்தி, வீட்டின் சூடான பக்கத்தில், வெயில் நேரே படாதபடி வைக்கவேண்டும். மூடிக்குமேல் பாரம் வைத்து, சாக்கால் மூடி, திறக்காமல் விடவேண்டும். அவற்றை உம்மம்மாவும் நானும் செய்தோம், பையன் நான்கடி தள்ளி நின்று சொல்லிக்கொண்டிருந்தான். பாளையை வைத்ததும் குட்டி அதன் கீழே போய்ச் சுருண்டுகொண்டது. அதுவரை அது பெட்டியின் மூலையில் மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருந்ததாம். "இப்ப நிக்குது மிஸ்" என்றான்.

பாம்பு வளர்ப்போரின் அனுபவம்

மேல்நாடுகளில் பாம்பைச் செல்லப்பிராணியாக வளர்ப்பது சாதாரணமானது. மேற்கு ஆபிரிக்காவைச் சேர்ந்த சிறிய மலைப்பாம்பு ஒன்று அங்கே அதிகம் விற்பனையாகிறது. பயந்தால் பந்துபோல் சுருண்டுகொள்வதால் அதைப் பந்துப் பாம்பு என்கிறார்கள். கடையிலிருந்து கொண்டுவந்த குட்டி உண்ண மறுப்பதுதான் புதிதாக வளர்ப்பவர்களின் முதல் கவலை. அனுபவசாலிகள் சொல்லும் மருந்து எங்களுக்கு உத்தியோகத்தர் சொன்னதுதான்: ஒரு வாரம் தொடாதே, எட்டிப் பார்க்காதே. உடம்பு நெருக்கமாக அடங்கும் ஒளிவிடம் கொடு. ஒரு பக்கம் 30 பாகை செல்சியசுக்குச் சற்று மேலான சூடும் மறுபக்கம் குளிர்ச்சியும் இருக்கட்டும், வேண்டியதை அது தெரிந்துகொள்ளும். பிறகு இரவில் ஒரு தடவை இரை காட்டு, எடுக்காவிட்டால் அகற்றிவிட்டுச் சில நாள் பொறு. வாயைத் திறந்து திணிக்காதே. எடை தொடர்ந்து குறைந்தால் அல்லது மூச்சில் இரைச்சலும் வாயில் நுரையும் கண்டால் மிருக வைத்தியரிடம் போ.

ஆனால் இந்த வளர்ப்புக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் பர்மிய மலைப்பாம்புக் குட்டிகளை ஆசைக்கு வாங்கியவர்கள், அவை பத்துப் பன்னிரண்டு அடி வளர்ந்ததும் சமாளிக்க முடியாமல் சதுப்புக் காட்டில் விட்டார்கள். வளர்ப்பிடங்களிலிருந்து தப்பியவையும் சேர்ந்துகொண்டன. அவை அங்கே பெருகி, முயல்களையும் மற்றச் சிறு மிருகங்களையும் பல இடங்களில் ஏறக்குறைய இல்லாமல் செய்துவிட்டன. அவற்றைத் தேடிப் பிடிக்க 2017இல் அங்கே அழைக்கப்பட்டவர்கள் தமிழ்நாட்டு இருளர் இருவர், மாசி சடையனும் வடிவேல் கோபாலும். சில நாட்களிலேயே அவர்கள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். 2023இல் இந்திய அரசு இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர்களுடைய பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இலிருந்து இயங்கிவருகிறது. தோலுக்காகப் பாம்பு பிடிப்பது சட்டத்தால் தடைசெய்யப்பட்ட பின், பிழைப்பிழந்த மக்களுக்காக ரோமுலஸ் விட்டேக்கர் என்பவரின் முயற்சியால் தொடங்கப்பட்டது அது. பாம்புக்கடிக்கான மருந்து தயாரிக்க அங்கே நஞ்செடுக்கிறார்கள். ஒவ்வொரு பாம்பையும் தனித்தனி மண்பானையில் விட்டு, வாயைத் துணியால் கட்டி வைக்கிறார்கள். பானைக்குள் இருட்டும் உண்டு, மறைவும் உண்டு. சில வாரங்களில் நஞ்செடுத்து முடிந்ததும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். பாம்போடு பழகிப் பிழைக்கும் அந்த மக்களே அதை நெடுநாள் வைத்திருப்பதில்லை.

குட்டி போன அன்று

சொன்னபடி மூன்றாம் நாள் உத்தியோகத்தர்கள் வந்தார்கள். குட்டியைத் துணிப்பையில் இட்டார்கள். காயம் இல்லை, மெலிவும் அதிகமில்லை. தூரத்தில் கொண்டுபோய் விட்டால் புது இடத்தில் மறுபடி தடுமாறும் என்று, பிடித்த இடத்துக்கு அருகிலேயே, வீடுகள் இல்லாத பற்றைப் பக்கம் விட முடிவுசெய்தார்கள். பையனையும் கூட்டிப்போனார்கள். பையின் வாயைத் தரையில் தளர்த்தி வைத்ததும் குட்டி சற்று நேரம் அசையாமல் கிடந்தது. பிறகு நாக்கை நீட்டி நீட்டி மணந்துகொண்டு வேர்களுக்குள் நுழைந்துவிட்டது.

"இனித் தின்னுமா?" என்று பையன் கேட்டான்.

"நாங்க பார்க்காத நேரம் தின்னும் தம்பி" என்றார் உத்தியோகத்தர்.

திரும்பி வந்தபோது உம்மம்மா தேநீர் ஊற்றி வைத்திருந்தார். குட்டி எப்படிப் போனது என்று கேட்டுவிட்டு, அவராகவே பழைய கதையைச் சொன்னார். கற்பிட்டிக்கு வந்த முதல் மாதம் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் இருந்தார்களாம். ஊர்மக்கள் சமைத்துக் கொடுத்தார்கள். நல்ல சோறு, குறை சொல்ல முடியாது. ஆனால் அப்போது ஆறு வயதான கடைசி மகள் வாயில் எதையும் வைக்கவில்லை. கெஞ்சிப் பார்த்தார்கள், அடித்தும் பார்த்தார்கள். எலும்பும் தோலுமானாள். பிறகு கிடுகுக் கொட்டில் கிடைத்தது. உள்ளூர்ப் பெண் ஒருத்தி ஒரு மண்சட்டி கொண்டுவந்து கொடுத்தாள். மூன்று கல்லை வைத்துத் தன் கையால் அன்று உலை வைத்தாராம். "நான் கூப்பிடல்ல மகள். அடுப்படியில வந்து தானா குந்தினா. கோப்பையையும் தானா நீட்டினா."

அந்த மகள்தான் இப்போது குவைத்தில் யாருடைய பிள்ளைக்கோ சோறூட்டுகிறாள். அவளுடைய மகன் இங்கே கோப்பையைத் தள்ளுகிறான்.

பாம்புக்குட்டிக்கு வழி இலகுவாக இருந்தது. அதன் இடம் பக்கத்திலேயே இருந்தது, கொண்டுபோய் விட்டோம். இந்தப் பையனைத் தாயிடம் கொண்டுபோய் விட முடியாது. 1990இல் கடல் கடந்து வந்தவர்களையும், முள்ளிவாய்க்காலிலிருந்து 2009இல் முட்கம்பி முகாமுக்கு வந்தவர்களையும் அன்றைக்கே ஊருக்குத் திருப்பி அனுப்ப யாராலும் முடியவில்லை. திரும்பிப்போக முடியாத உயிருக்கு நாம் செய்யக்கூடியது, வந்த இடத்தை அதற்குரிய இடமாக்குவதுதான். அது உணவுக்கு முன்னால் செய்யவேண்டிய வேலை.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. 1939 செப்டெம்பரில் குண்டுவீச்சுக்குப் பயந்து பிரித்தானிய நகரங்களிலிருந்து சில நாட்களுக்குள் சுமார் 15 இலட்சம் பேரை, பெரும்பாலும் பிள்ளைகளையும் தாய்மாரையும், கிராமங்களுக்கு அனுப்பினார்கள். அந்தப் போர்க்காலத்தில் இலண்டனில் பிள்ளைகளுக்கான காப்பகங்களை நடத்திய அன்னா ஃபிராய்டும் டொரதி பேர்லிங்காமும், குண்டுச் சத்தத்தைவிடத் தாயைப் பிரிந்ததே பிள்ளைகளை அதிகம் வாட்டியது என்று கண்டு எழுதினார்கள். பாதுகாப்பான ஊரும் நேரத்துக்குச் சாப்பாடும் மட்டும் போதவில்லை. தன்னுடையவர் என்று சொல்ல ஒரு ஆள் தேவைப்பட்டது.

உம்மம்மாவும் நானும் செய்தவை

பாம்புக்குப் போட்ட பாளைபோல் பிள்ளைக்கும் ஒரு மறைவு வேண்டும் என்று முதலில் சொன்னது உம்மம்மாதான். அறையின் ஒரு மூலையில் பழைய சாரியைத் திரையாகக் கட்டி, ஒரு பலகைத் தட்டையும் கொடுத்தார். அவனுடைய கொப்பி, பந்து, தாயின் படம் எல்லாம் அங்கே. அதற்குள் கேட்காமல் யாரும் கைவைப்பதில்லை.

சாப்பாட்டு நேரத்தை நிலைப்படுத்தினோம். முன்பு தாய் அழைக்கும் நேரமும் இரவுச் சாப்பாடும் ஒன்றாக வரும், அழைப்பு முடிந்ததும் சோறு இறங்காது. இப்போது தாய் அஸர் தொழுகைக்குப் பிறகு பேசுகிறாள். "சாப்பிட்டியா?" என்று கேட்பதை விட்டு, "இன்றைக்கு என்ன மீன் வந்தது?" என்று கேட்கச் சொன்னேன்.

"இன்னும் ஒரு பிடி" என்பதை நிறுத்தினோம். என்ன சமைப்பது, எத்தனை மணிக்கு வைப்பது என்பவை பெரியவரின் பொறுப்பு. எவ்வளவு உண்பது என்பது பிள்ளையின் பொறுப்பு. அடுத்த வீட்டாருக்கு முன்னால் "இவன் தின்னமாட்டான்" என்று சொல்வதையும் விட்டோம். எல்லோரும் எட்டிப் பார்க்கும் பெட்டியாகக் கோப்பை இருக்கக்கூடாது.

உம்மம்மா தனக்குத் தெரிந்த வழியொன்றையும் சேர்த்தார். நோன்பிலும் விருந்திலும் சகனில் கூடி உண்பதுபோல, ஒரே தட்டில் பேரனோடு சேர்ந்து உண்ணத் தொடங்கினார். தன் பங்கைத் தான் உண்பார், அவன் பக்கத்தைப் பார்க்கமாட்டார்.

பெரிய அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. முதல் இரு வாரங்கள் பழையபடிதான் போயின. பிறகு ஒருநாள் மீன்காரரிடம் தானே போய்ச் சூடை மீன் கேட்டிருக்கிறான். இப்போதும் சில நாட்கள் கோப்பையைத் தள்ளுகிறான். ஆனால் பேசுகிறான். குடும்ப சுகாதார மாது எடுத்த நிறை மூன்று மாதங்களில் ஒன்றரைக் கிலோ கூடியிருக்கிறது.

மனதில் கொள்ள

சகோதரிகளே, இரண்டு விடயங்களையும் சுருக்கித் தருகிறேன்.

வளவில் பாம்பைக் கண்டால் அடிக்கவும் பிடிக்கவும் போகாதீர்கள். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தி 1992க்கு அழையுங்கள். பொச்சு, ஓலை, கல் குவியல்களை வீட்டோடு ஒட்டி வைக்கவேண்டாம். இரவில் விளக்கில்லாமல் நடக்கவேண்டாம். யாரையாவது கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், உறிஞ்சாமல், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். 1990க்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். மருந்து வைத்தியசாலையில் பணமின்றிக் கிடைக்கும். அடித்த பாம்பைக் கையோடு கொண்டுபோகத் தேவையில்லை.

புதிதாக வந்த பிள்ளை உண்ணாவிட்டால் முதலில் உடம்பைப் பாருங்கள். காய்ச்சல், பல்வலி, வாய்ப்புண், பூச்சி இருக்கலாம். நிறை குறைந்துகொண்டே போனால், தண்ணீரையும் மறுத்தால், தூக்கமும் விளையாட்டும் இல்லாமல் போனால் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். உடம்பில் குறையில்லை என்றால் பிள்ளையோடு சண்டையிடாதீர்கள். அதற்கென்று ஒரு மூலை, தவறாத ஒரு நேரம், கூட இருந்து உண்ணும் ஓர் ஆள், இந்த மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாததைக் கொடுங்கள். நாட்கள் எடுக்கும். உங்களில் பலர் அடுப்புக்கல் மூன்றைத் தேடிப் பொறுக்கிப் புது ஊரில் உலை வைத்தவர்கள். இந்தப் பொறுமை உங்களுக்குப் புதிதல்ல.